அடுத்த பயிற்சிக்குத் தேதி குறிக்கும் முன் ஒரு வார்த்தை

கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியைத் திட்டமிடுகிறவர்களுக்கும், கையேடு எழுதுகிறவர்களுக்கும், கருத்தாளர்களாக வந்து எங்கள் முன்னால் நிற்கப்போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் டெல்டா பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். பதினேழு வருஷம் ஆகிறது. உங்கள் பயிற்சிகளுக்கு அழைப்பு வந்தபோதெல்லாம் வந்திருக்கிறேன், ஒன்றைக்கூடத் தவிர்க்க நினைத்ததில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கேட்கப்போவது ஒன்றே ஒன்று. அதைச் சொல்வதற்கு முன்னால் போன ஜூலையில் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கேட்பது அதற்குள்ளேதான் இருக்கிறது.

பிளஸ் டூ வகுப்பு, மதியம் முதல் பீரியட். கரும்பலகையில் மூன்று வரி எழுதினேன். முதல் வரி ஏ = 10. இரண்டாவது வரி பி = ஏ. மூன்றாவது வரி ஏ = 20. இப்போது பி-யில் என்ன இருக்கும் என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் பாதிக்கு மேல் 20 என்றார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு பிள்ளை, கணக்கில் நன்றாக மார்க் எடுப்பவள், எழுந்து நின்று கேட்டாள்: "பி-யும் ஏ-யும் சமம்னு ரெண்டாவது வரியிலேயே எழுதிட்டோம்ல மிஸ், அப்புறம் ஏ இருபது ஆச்சுன்னா பி-யும் இருபது ஆகித்தானே தீரணும்?"

அவள் சோம்பேறித்தனமாகப் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அந்த இரட்டைக் கோடு தராசு மாதிரி. ஒருமுறை சமம் என்று எழுதினால் அந்தக் கணக்கு முடியும்வரை அது சமம்தான். நிரலில் அந்தக் கோட்டுக்கு வேறு வேலை. வலது பக்கம் இருப்பதை இப்போது பார், அதை இடது பக்கப் பெயரோடு சேர், அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போ. அது ஒரு கட்டளை, ஒருமுறை நடந்து முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தைப் பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், பிள்ளையின் மனதில் ஆறு வருஷமாக இருக்கிற தராசு ஒரு வரியில் இறங்காது.

நான் ரொம்ப வருஷமாக இதற்கு டப்பா கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மாறி என்றால் ஒரு டப்பா, அதற்குள் மதிப்பைப் போடுகிறோம் என்று. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், உங்கள் ஆசிரியரும் உங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். ஒரு வருஷம் ஒரு பிள்ளை கேட்டாள்: ஏ டப்பாவில் இருந்ததை எடுத்து பி டப்பாவில் போட்டுவிட்டால் ஏ காலியாகிவிடாதா மிஸ்? இன்னொருத்தி 10 இருக்கிற டப்பாவிலேயே 20-ஐயும் போட்டால் உள்ளே இரண்டும் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அதை அவள் கேட்கவேயில்லை, அரைப்பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சரி, அதையெல்லாம் சமாளித்துவிடலாம். பல மதிப்பை ஒரே பெயரில் வரிசையாக வைக்கிற லிஸ்ட் பாடம் வந்ததும் டப்பா சுத்தமாக உடைந்துபோகிறது. ஏ என்கிற லிஸ்ட்டில் 1, 2, 3 இருக்கிறது, பி = ஏ என்று எழுதுகிறோம், ஏ-யில் அப்பெண்ட் போட்டு 4-ஐச் சேர்க்கிறோம். இப்போது பி-யை அச்சிட்டால் அதிலும் 4 இருக்கிறது! ஜூலையில் யாரைப் பார்த்துத் தப்பு என்று சொன்னேனோ அந்தப் பிள்ளை செப்டம்பரில் என்னைப் பார்த்து, "அன்னைக்கு நான் சொன்னதுதானே மிஸ்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நாங்கள் நடத்துகிற பைத்தான் என்கிற நிரல்மொழியில் பெயர் என்பது டப்பா இல்லை, கயிறு கட்டிய பெயர்ச்சீட்டு மாதிரி. ஒரே பொருளில் இரண்டு சீட்டு தொங்கலாம். ஏ = 20 என்றால் ஏ என்கிற சீட்டை அவிழ்த்து வேறு பொருளில் கட்டுகிறோம், பி-யின் சீட்டு பழைய இடத்திலேயே கிடக்கிறது. அப்பெண்ட் என்றால் சீட்டைத் தொடவில்லை, பொருளையே மாற்றுகிறோம், அதனால் எந்தச் சீட்டைப் பிடித்து இழுத்தாலும் மாறிய பொருள்தான் வரும். இதை இப்போது மாவிலைத் தோரணம் கட்டுகிற நூலில் அட்டைத்துண்டு கோர்த்து, சாக்பீஸ் டப்பாவிலும் டஸ்டரிலும் கட்டிக் காட்டுகிறேன். பத்து நிமிஷத்தில் புரிகிறது. ஆனால் நானாகத் தட்டுத்தடுமாறி இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் நான்கு பேட்ச் பிள்ளைகள் டப்பாவோடு வெளியே போய்விட்டார்கள்.

அதுதான் என் ஆதங்கம். இது நான் கண்டுபிடித்த விஷயமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் பெனடிக்ட் டு புலே என்கிற ஆய்வாளர் நிரல் கற்கிறவர்களுக்கு வருகிற சிக்கல்களைப் பற்றி 1986-லேயே எழுதும்போது டப்பா உவமை பிள்ளைகளை எங்கே தவறாகக் கொண்டுபோகும் என்று சொல்லியிருக்கிறார். அதே 1986-ல் ராய் பீ என்பவர், கணினிக்குள்ளே நம் மனதைப் புரிந்துகொள்கிற ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளைகள் நம்புவதுதான் பல பிழைகளுக்கு அடியில் இருக்கிற பெரிய பிழை என்று எழுதினார். அதே வருஷம்தான் லீ ஷுல்மன் என்கிற கல்வி ஆய்வாளர், பாடம் தெரிவது வேறு, பாடம் நடத்தத் தெரிவது வேறு, இரண்டும் சேர்கிற இடத்தில் ஆசிரியருக்கென்றே தனியாக ஓர் அறிவு இருக்கிறது என்றார். எந்த இடத்தில் பிள்ளை வழுக்கி விழும், எந்த உதாரணம் தூக்கிவிடும், எந்த உதாரணம் இன்னும் ஆழமாகத் தள்ளும் என்கிற அறிவு. மூன்றுமே நாற்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு. பதினேழு வருஷத்தில் நான் போன எந்தப் பயிற்சியிலும் இதில் ஒன்றைக்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என்ன சொன்னார்கள்? லிஸ்ட்டுக்கு அப்பெண்ட் இருக்கிறது, இன்சர்ட் இருக்கிறது, எக்ஸ்டெண்ட் இருக்கிறது என்றார்கள். ஒரு பெரிய ஹாலில் நூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முன்னால் கணினி இல்லை. திரையில் ஸ்லைடு ஓடியது, அதில் இருந்தது பாடநூலில் இருக்கிற அதே வரிகள். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து, நடுவில் சாப்பாடு, கடைசியில் குரூப் போட்டோ. சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, மறுநாள் வகுப்பில் எதை மாற்றிச் செய்யப்போகிறேன் என்று யோசித்தால் ஒன்றும் இல்லை. இதைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் முன்னால் நின்றவரும் எங்களைப்போல ஓர் ஆசிரியர்தான், முந்தின வாரம்தான் அவருக்கும் வேறொரு ஊரில் யாரோ அதே ஸ்லைடைக் காட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு அதற்கு முந்தின வாரம். நான் இருக்கும் ஊரில் கடைமடைக்குத் தண்ணீர் வருவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அணை திறந்த செய்தி பேப்பரில் வந்துவிடும், ஆனால் ஒவ்வொரு மதகிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசி வயலுக்கு வரும்போது வாய்க்கால் நனைந்தால் பெரிது. ஒருவர் பத்துப் பேருக்கு, பத்துப் பேர் நூறு பேருக்கு என்று பயிற்சி இறங்கி வரும்போதும் அதுதான் நடக்கிறது. தகவல் எப்படியோ வந்துவிடுகிறது. "இந்த இடத்தில் பிள்ளைகள் இப்படி நினைப்பார்கள், அதனால் இப்படிக் கேளுங்கள்" என்கிற நுணுக்கம் முதல் மதகிலேயே நின்றுவிடுகிறது.

எங்கள் பாடத்துக்கு இது மற்றப் பாடங்களைவிட ஏன் அவசரம் என்று கேட்டால், எங்களுக்குக் காலுக்குக் கீழே தரை மாறிக்கொண்டே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிளஸ் டூவில் ஸ்டார் ஆபீஸும் சி++-ம் நடத்தினோம். 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-ல் பிளஸ் டூவுக்கும் புதிய பாடநூல் வந்தது. பிளஸ் டூவில் பைத்தான், எஸ்க்யூஎல், சிஎஸ்வி கோப்பு, மேட்பிளாட்லிப்பில் வரைபடம், கூடவே பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்குகிற பாடம் ஒன்று. எனக்கு அந்தப் பாடத்திட்டம் பிடித்திருந்தது, இன்றைக்கும் பிடித்திருக்கிறது, ஒரு கிராமத்துப் பிள்ளை அரசுப் பள்ளியில் பைத்தான் படிப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் முதல் பாடத்திலேயே லெட் ரெக் என்று தொடங்குகிற ஒரு குறியீட்டில் ஃபங்ஷன் எழுதியிருந்தது. எந்த ஒரு மொழியிலும் சிக்காமல் கருத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்கிற எண்ணம் நல்லதுதான். ஆனால் நாங்கள் அது எந்த மொழி, எதில் ஓட்டிப் பார்ப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். சி++-ஐ பைத்தானோடு இணைக்கிற பாடத்துக்கு மின்ஜிடபிள்யூ என்கிற சி++ கம்பைலரைப் போட வேண்டும், அது கணினியில் எங்கே இருக்கிறது என்கிற பாத் சரியாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஓடாது. மேட்பிளாட்லிப்பை நிறுவ பிப் கட்டளை, அதற்கு இணையம். ஆய்வகத்தில் இணையம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை விட்டுவிடுகிறேன்.

அந்த வருஷம் எங்களைக் காப்பாற்றியது வாட்ஸ்அப் குரூப்தான். ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஒரு சிவப்பு எழுத்துப் பிழைச் செய்தியைப் படம் எடுத்துப் போடுவார், பத்தே கால் மணிக்கு வேறொரு மாவட்டத்திலிருந்து ஒரு சார் வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்வார், பின்னணியில் அவர் வீட்டுக் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். யாரும் கேட்டுச் செய்யவில்லை, யாருக்கும் சான்றிதழ் கிடையாது. எனக்குத் தெரிந்து அந்த வருஷத்தில் நடந்த மிக நல்ல பயிற்சி அதுதான்.

ஏன் ராத்திரி பத்து மணிக்கு? பகலில் கேட்க ஆள் இல்லை. தமிழ் ஆசிரியருக்கோ கணக்கு ஆசிரியருக்கோ ஆசிரியர் அறையில் பேச்சுத்துணைக்கு இன்னொருவர் இருப்பார், "இந்தக் கணக்கை நீங்க எப்படிப் போடுவீங்க டீச்சர்?" என்று டீ குடிக்கும்போதே கேட்டுவிடலாம். என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கு ஒருவர். அந்த ஒருவரிடம்தான் மாணவர் விவரங்களைக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றுவது, பிரிண்டர் ரிப்பேர், மடிக்கணினி வந்தால் அந்தக் கணக்கு, ஆண்டுவிழாவுக்கு புரொஜெக்டர் எல்லாம் வந்து சேர்கிறது. ஒரு வகுப்பில் தோற்றுப்போன உணர்வோடு வெளியே வந்தால் அதைச் சொல்லவும், எங்கே தவறியது என்று சேர்ந்து யோசிக்கவும் கட்டடத்துக்குள் ஒருவரும் கிடையாது. இந்தத் தனிமையை உடைக்கிற மாதிரிதான் பயிற்சி அமைய வேண்டும். நூறு பேரை ஹாலில் அடைத்து ஒருவர் மைக்கில் பேசினால், தனித்தனியாக இருந்தவர்கள் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக இருப்போம்.

வெளியே இதை எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் பார்த்தேன். இங்கிலாந்தில் 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி என்கிற அறிவியல் கழகம், பள்ளிகளில் கணினிப் பாடம் வெறும் ஆபீஸ் மென்பொருள் பழக்குவதாகச் சுருங்கிவிட்டது என்று அறிக்கை கொடுத்தது. 2014 செப்டம்பரில் பாடத்திட்டத்தை மாற்றி, சின்ன வகுப்பிலிருந்தே நிரலாக்கம் என்றார்கள். அதுவரை வேர்டும் எக்செல்லும் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள் ஒரே கோடை விடுமுறையில் அல்காரிதம் நடத்துகிறவர்களாக மாற வேண்டியிருந்தது. (ஸ்டார் ஆபீஸிலிருந்து பைத்தானுக்கு வந்த நமக்கு அந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.) 2017-ல் அதே ராயல் சொசைட்டி திரும்பவும் போய்ப் பார்த்து, பாடத்திட்டம் மாறியது, ஆசிரியர்களுக்கு வேண்டிய துணை போய்ச்சேரவில்லை என்றது. அதற்குப் பிறகுதான் 2018-ல் 8 கோடியே 40 லட்சம் பவுண்டு ஒதுக்கிக் கணினிக் கல்விக்கென்று தேசிய மையம் தொடங்கினார்கள். நான்கு வருஷம் தாமதம், அதற்குள் எத்தனை பேட்ச் பிள்ளைகள். ஆனால் அங்கே ஒரு நல்ல விஷயம் முன்பே இருந்தது. 2008-ல் தொடங்கிய கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல் என்கிற அமைப்பில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் தாங்களாகவே கூடி, தங்கள் பாடத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நம் வாட்ஸ்அப் குரூப்பைப்போலத்தான், ஆனால் ஒரே அறையில் நேருக்கு நேர்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்தில் 2001 வாக்கில் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கியது, 2017-ல் கைட் என்கிற நிறுவனமாக ஆனது. கட்டற்ற மென்பொருளில் தங்களுக்கென்று ஓர் இயங்குதளத்தை அமைத்துப் பள்ளிகளில் அதையே போட்டிருக்கிறார்கள். இதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும். பயிற்சியில் ஆசிரியர் எதில் செய்து பார்த்தாரோ அதுவே அவர் பள்ளி ஆய்வகத்திலும் இருக்கும், கருத்தாளரின் மடிக்கணினியில் மட்டும் ஓடி நம் ஊரில் ஓடாமல் போகிற கதை இல்லை. 2018-ல் லிட்டில் கைட்ஸ் என்று பிள்ளைகளின் மன்றங்களைத் தொடங்கினார்கள், 2024-ல் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் பயிற்சி என்று இறங்கினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வேலையை விடாமல் செய்வது என்பது பெரிய விஷயம். நம்மிடமும் 6,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது, 2011-லிருந்து எத்தனையோ லட்சம் மடிக்கணினி பிள்ளைகள் கைக்குப் போயிருக்கிறது. பொருள் வாங்குவதில் நாம் குறைந்தவர்கள் இல்லை.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். பைத்தான் கற்றுத்தருவதை விடுங்கள், அதை நாங்கள் ஏதோ ஒரு வழியில் கற்றுக்கொள்வோம். பிள்ளைகள் பைத்தானை எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும், அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் மையமாக வைத்துப் பயிற்சி கொடுங்கள்.

இது எப்படி இருக்கும் என்பதற்கு என் வகுப்பிலிருந்தே ஒன்று. நம் பிள்ளைகள் நிரலை எழுதிப் பழகுவது பெரும்பாலும் ரெகார்டு நோட்டில்தான். போன வருஷம் ஒரு நோட்டைத் திருத்தும்போது பார்த்தேன், சில வரிகளைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற ஃபார் லூப் எழுதியிருக்கிறாள், அடுத்த வரி சரியாக உள்ளே தள்ளி இருக்கிறது, அதோடு பக்கம் முடிந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினால் லூப்புக்குள் இருக்க வேண்டிய அடுத்த வரி மார்ஜினை ஒட்டி ஆரம்பிக்கிறது. புதுப் பக்கம், அதனால் மார்ஜினிலிருந்து தொடங்குகிறாள், கட்டுரை நோட்டில் அப்படித்தானே எழுதுவோம்? அந்த இடைவெளிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை, அழகுக்காக விட்டது என்று நினைத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன், இன்னும் ஐந்தாறு பேர் அப்படியே.

எங்கோ படித்த ஒரு முறையை அப்போதுதான் முயன்று பார்த்தேன். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பட்ரிசியா ஹேடன் என்கிற இரண்டு பேர் 2006-ல் எழுதியது. நிரலைப் பிள்ளையை எழுதச் சொல்லாதீர்கள், சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுங்கள், அவள் அடுக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். ஃபேக்டோரியல் நிரலை, அதாவது ஒன்றிலிருந்து ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குகிற நிரலை, ஐந்து வரியாகப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி, வரி வரியாகக் கத்தரித்து, நான்கு நான்கு பேராக உட்கார்த்திக் கொடுத்தேன். அன்றைக்குக் கரண்ட் வேறு இல்லை. மூன்று நிமிஷத்தில் சண்டை தொடங்கிவிட்டது. பிரிண்ட் என்று எழுதிய சீட்டை எங்கே வைப்பது? லூப்புக்குக் கீழே என்பதில் எல்லோரும் ஒன்று. வலது பக்கம் தள்ளி வைப்பதா, இடது பக்கம் ஒட்டி வைப்பதா? ஒருத்தி சீட்டை வலது பக்கம் நகர்த்துகிறாள், இன்னொருத்தி பிடித்து இடது பக்கம் இழுக்கிறாள், "உள்ள வெச்சா ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் ஆகும்டி" என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை வருஷம் கரும்பலகையில் கத்தியிருப்பேன்! ஒரு விரற்கடை நகர்த்தினால் விடை மாறுகிறது என்பதை அவள் விரலால் தெரிந்துகொண்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதைப்போல இன்னும் இருக்கிறது. சூ சென்டன்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இங்கிலாந்தில் வகுத்த ப்ரிம் என்கிற முறை: நிரலைக் கொடுத்து என்ன விடை வரும் என்று முதலில் ஊகிக்கச் சொல்வது, பிறகு ஓட்டிப் பார்ப்பது, ஏன் அப்படி வந்தது என்று துருவுவது, கொஞ்சம் மாற்றுவது, கடைசியில்தான் சொந்தமாக எழுதுவது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதல் நாளே நிரல் எழுது என்கிறோம், எழுத வராத பிள்ளை மனப்பாடம் செய்கிறாள், மனப்பாடம் செய்தவள் கமாவைக்கூட விடாமல் எழுதிவிடுகிறாள், எழுத்துத் தேர்வு 70-லும் செய்முறை 20-லும் நல்ல மார்க் வாங்கிவிடுகிறாள், நமக்கும் நிம்மதி. படிக்கத் தெரியாமல் எழுதுகிறாள் என்பது கல்லூரியில் போய்த்தான் அவளுக்கே தெரியவருகிறது.

இப்போது அது இன்னும் கூர்மையாகிவிட்டது. சாட்ஜிபிடியில் கேட்டு நிரலை எழுதிக்கொண்டு வருகிறார்கள். பாடநூலில் இல்லாத எஃப் ஸ்ட்ரிங் அதில் இருக்கும், லிஸ்ட் பாடத்தில் பிள்ளைகள் பயந்து தாண்டிப்போகிற ஒரே வரி லூப் இருக்கும், நிரலும் அழகாக ஓடும். "மூணாவது வரி இல்லன்னா என்ன ஆகும்?" என்று கேட்டால் பதில் வராது. நான் கோபப்படுவதில்லை, எழுதித்தர ஒரு கருவி வந்துவிட்ட பிறகு படித்துப் புரிந்துகொள்வதுதான் பிள்ளைக்கு மிச்சம் இருக்கிற பெரிய வேலை. அதனால் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வைக்கும்போது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கருவி எழுதித் தந்ததை வைத்துப் பிள்ளையிடம் என்ன கேள்வி கேட்பது என்பதற்கும் அரைநாள் ஒதுக்குங்கள்.

எப்படி நடத்துவது என்பதில் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு மூன்று நாள் என்பதை உடைத்துவிடுங்கள். அதே மணிநேரத்தை மாதம் ஓர் அரைநாளாகப் பிரியுங்கள். ஒரு ஒன்றியத்திலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற பத்துப் பன்னிரண்டு கணினி ஆசிரியர்கள், அவர்களில் ஒருவரின் பள்ளி ஆய்வகம், அங்கே இருக்கிற அதே பழைய கணினிகள். முதல் முறை ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று பேசி ஒரு வேலையைத் தயார்செய்வோம். நாலு வாரத்தில் அவரவர் வகுப்பில் செய்து பார்ப்போம். அடுத்த முறை வரும்போது ஆளுக்கு ஐந்து பிள்ளைகளின் நோட்டைக் கையில் எடுத்து வருவோம். பக்கம் திரும்பியதும் மார்ஜினுக்குப் போய்விடுகிற அந்த ஃபார் லூப்பை என் ஒருத்தியின் பள்ளியில்தான் எழுதுகிறார்களா, எல்லா இடத்திலுமா என்று அங்கே தெரிந்துவிடும். கருத்தாளர் ஒருவர் வந்தால் நல்லது, ஆனால் அவர் பேசுவதைவிட நோட்டைப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையில் ஆசிரியருக்கு வருஷத்துக்கு 50 மணிநேரப் பயிற்சி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கொள்கை பற்றி நம் மாநிலத்தில் வேறு கருத்து உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஐம்பதோ இருபதோ, மணிக்கணக்கைவிட இரண்டு சந்திப்புக்கு நடுவில் வகுப்பறை ஒன்று இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

தலைமையாசிரியர்கள் விடுவதில்லை என்பீர்கள். உண்மைதான், பள்ளிக்கு ஒரே கணினி ஆசிரியர், அவர் போய்விட்டால் எமிஸ் நின்றுவிடும் என்பார்கள். அதனால் இதை ஒரு விருப்பப்பட்டவர் கூட்டமாக விட்டுவிடாமல், முறையான ஆணையோடு, பணிநாளாகவே கணக்கில் வருகிற ஓ.டி.யில் வரச்செய்யுங்கள். பயணப்படி கொடுங்கள், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, இரண்டு பஸ் மாறி வருகிற ஆசிரியை இருக்கிறார். எமிஸ் கெடு வைக்கிற வாரத்தில் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதற்குப் பதில் ஒரு பிள்ளையின் தப்பான விடையையும், அதை ஆசிரியர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதையும் ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று வருஷம் அப்படிச் சேர்த்தால், தமிழில் கணினி படிக்கிற பிள்ளைகள் எங்கெங்கே இடறுகிறார்கள் என்பதற்கு நம் கையில் நம்முடைய ஆவணம் ஒன்று இருக்கும். நான் இதுவரை மேற்கோள் காட்டியதெல்லாம் ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்து எழுதியவை. லூப் எழுதப் பயன்படுகிற "வைல்" என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளை வீட்டுப் பேச்சிலிருந்து அறியாத பிள்ளை அதை வெறும் ஒலியாக மனப்பாடம் செய்யும்போது என்ன ஆகிறது என்று அவர்கள் எழுதியிருக்க வழியில்லை. அது நாம் எழுத வேண்டியது.

எங்கள் ஆய்வகத்தில் இருபது கணினி இருக்கிறது, பதினான்கு ஓடுகிறது, பன்னிரண்டு ஆசிரியர்கள் உட்காரத் தாராளமாகப் போதும். முதல் கூட்டத்தை எங்கள் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாம், தலைமையாசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதற்கு முன்னால், கையேடு எழுத உட்காருகிறவர்கள் யாராவது ஒருவர் ஒருநாள் மதியம் வந்து என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அந்த மூன்று வரியைத் திரும்பவும் கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் சொல்கிற விடையை நீங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு கணினி அறிவியல் ஆசிரியை